மந்திரிக்கு மட்டும் தெரிந்த வாசனை

ணங்கென்று ஒரு சத்தம்.

அடுப்பைப் பார்த்து நின்றிருந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பினாள். நாய்க்குச் சோறு வைக்கும் அலுமினியத் தட்டு கவிழ்ந்து, விளிம்பிலேயே சுழன்று, சுற்று சிறுத்துச் சிறுத்துக் கடைசியில் தரையோடு அடங்கியது. காலையில் போட்ட சோறு, வாய்கூட வைக்காத சோறு, தரையெங்கும் சிதறிக் கிடந்தது. தட்டிவிட்ட நாய் மந்திரியோ அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மந்திரி எழுந்து நின்றிருந்தது. அதுவே அதிசயம். எத்தனையோ நாளாக வாசற்கதவை விட்டு நகராமல், விலா எலும்பு வெளியே தெரிய, தண்ணீருக்கு மட்டும் நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்த நாய் அது. இப்போது நான்கு காலும் நடுங்க நின்றது. வாயில் ஒரு செருப்பு. கட்டைவிரல் பதியும் இடத்தில் பள்ளம் விழுந்த, பழைய பழுப்பு வீட்டுச் செருப்பு. அதை அடுப்புக்கு நேர்கீழே மெதுவாக வைத்தது. தள்ளாடிக்கொண்டே வாசலுக்குப் போய் அடுத்த செருப்பையும் கவ்வி வந்து, முதல் செருப்புக்குப் பக்கத்தில் ஜோடி சேர்த்து வைத்தது. பிறகு உட்கார்ந்து அடுப்பை அண்ணாந்து பார்த்தது. வால் தரையைப் பெருக்கியது.

அடுப்பில் கோழிக்கொழுப்பு உருகிக்கொண்டிருந்தது.

"அம்மா, மந்திரி எழுந்திடுச்சா?" முன்னறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் பென்சிலோடு ஓடிவந்தாள்.

"எழுந்திடுச்சுடி. பாரு, வாலைக்கூட ஆட்டுது."

"அப்பா செருப்பை எதுக்கு இங்க வெக்குது?"

அந்தச் செருப்பை அவள் கணவரைத் தவிர வேறு யாருக்காகவும் மந்திரி தூக்காது. கோழிக்கடை வண்டியின் சத்தம் தெருமுனையில் கேட்டதும் எழுந்து, அவர் கேட்டைத் திறப்பதற்குள் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வாசற்படியில் ஜோடியாக வைக்கும். அவர் கடைச்செருப்பைக் கழற்றிவிட்டு இதை மாட்டிக்கொண்டு, "மந்திரி, நாட்டு நிலவரம் என்ன?" என்று கேட்பார். பிறகு உள்ளங்கையை நீட்டுவார். மந்திரி அதை நக்கும். கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல்.

வீட்டில் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்தவர் அவர்தான். மனைவி ராணி, மகள் இளவரசி, நாய் மந்திரி. "அப்ப நீங்க ராஜாவாக்கும்" என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, "நான் குதிரை. உங்க மூணு பேரையும் சுமக்கிறேன்ல" என்றார். குதிரை என்றால் நல்ல கொழுத்த குதிரை. கோழிக்கூண்டுகளைத் தூக்கித் தூக்கிக் குடல் இறங்கி, வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது, உள்ளே ஒரு வலை வைத்துத் தைத்திருப்பதாகவும் அது ஆயுசுக்கும் அங்கேயே இருக்கும் என்றும் டாக்டர் சொன்னார். இவர் படுத்திருந்தபடியே, "மீன்காரனுக்கு வலை கையில. கோழிக்காரன் எனக்கு வயித்துக்குள்ள" என்றார். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரே சிரித்து, அவரே வலியில் முனகினார்.

அந்த மனிதர்தான் ஒரு விடியற்காலையில் கோழி ஏற்றி வரப் பண்ணைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. வண்டி மட்டும் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றது. சாவி அதிலேயே இருந்தது. கூண்டுகள் காலி.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டவர், "வீட்டுல ஏதாவது சண்டையாம்மா?" என்று கேட்டார். வீட்டில் சண்டை இல்லை. கடையில்தான் ஏதோ மனத்தாங்கல். போவதற்குச் சில நாள் முன்பு, சாப்பிட்டுக்கொண்டே, "நான் தனியா கடை போட்டுக்கலாம்னு பார்க்கிறேன், ராணி" என்றார். ஏன் என்று கேட்டாள். "அப்புறம் சொல்றேன்" என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை.

கடையில் கூட்டாளி ஒருவன் உண்டு. கூடப்பிறக்காத குறைதான். இருவரும் ஒருவரையொருவர் பங்காளி என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒல்லியான ஆள். அதிர்ந்து பேசத் தெரியாது. அவளுக்குத் தம்பி, மகளுக்குச் சித்தப்பா. ஸ்டேஷனுக்குக் கூட வந்தது, ஆஸ்பத்திரிகளில் தேடியது, கடையைத் தனியாளாக இழுத்துப் பிடித்தது எல்லாம் அவன்தான். போலீஸ் திருப்பிக் கொடுத்த வண்டியை அவன் முதன்முதலாக வீட்டுக்கு ஓட்டி வந்த அன்று, சத்தம் கேட்டு மந்திரி செருப்போடு பாய்ந்து போனது. இறங்கியவனின் சட்டையை மோந்தது. செருப்பைத் திரும்பக் கவ்விக்கொண்டு வந்து கதவோரம் படுத்தது. அன்றிலிருந்துதான் சாப்பாட்டை நிறுத்தியது.

கால்நடை டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா, மனசுதான்" என்றார். "கோழிக்கொழுப்பு கொஞ்சம் உருக்கி சோத்துல பிசைஞ்சு வெச்சுப் பாருங்க. வாசனைக்கு எழுந்து வரும். நெறைய ஊத்தாதீங்க, வயித்தைக் கலக்கிடும். இதுக்கும் எழுந்துக்கலைன்னா..." மந்திரியின் தலையைத் தடவிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார்.

அவள் கணவர் வருவார். வந்ததும் முதலில் கேட்பது தன்னைக்கூட இல்லை, மந்திரியைத்தான். அப்போது அது உயிரோடு இருந்தாக வேண்டும். மற்றதெல்லாம் அவள் கையை மீறிப் போய்விட்டது. இது ஒன்றாவது தன்னால் முடியும் என்று பிடித்துக்கொண்டாள்.

உடனே கூட்டாளிக்குப் போன் செய்தாள். "தம்பி, கடையில கழிக்கிற கொழுப்பு இருக்குமில்ல, அதுல கொஞ்சம் வேணும். மந்திரிக்கு."

மறுமுனையில் வெட்டுக்கட்டையில் கத்தி விழும் சத்தம் நின்றது.

"கொழுப்பா, அண்ணி?"

"ஆமா தம்பி. டாக்டர் சொன்னார்."

கூண்டுக் கோழிகளின் கொக்கரிப்பு மட்டும் கேட்டது.

"சரி அண்ணி. பார்க்கிறேன்."

இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அப்போதே அவளுக்குத் தோன்றியது. எது தீர்ந்தாலும் கோழிக்கடையில் கொழுப்பு மட்டும் தீராது என்பார் அவர். எல்லோருக்கும் தோலுரித்த கறிதான் வேண்டும். தோலும் கொழுப்பும் டிரம் டிரம்மாகச் சேரும். மீன் பண்ணைக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போவான். அதில் நல்ல கட்டிகளாகப் பார்த்து அவர் வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குக் கொண்டுவருவார். அடிகனமான பாத்திரத்தில் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து, தீயைச் சிறிதாக வைத்து, அவரே கிளறுவார். "படபடன்னு பேசுற வரைக்கும் உள்ள தண்ணி இருக்குன்னு அர்த்தம். பேச்சு நின்னா இறக்கிடணும்." வடிகட்டி ஆறவைத்தால் ஒரு குடுவை மஞ்சள் நெய் மாதிரி உறையும். அதில்தான் மகளுக்கு உருளைக்கிழங்கு வறுவல். வடிகட்டியில் தங்கும் மொறுமொறு தோல் மந்திரிக்கு.

அன்று மாலையே கூட்டாளி கொண்டுவந்துவிட்டான். கறுப்புப் பை. கல் மாதிரி உறைந்திருந்தது.

"என்ன தம்பி, ஐஸ்ல வெச்சதா? கழிக்கிறதைப் போய் ஐஸ்ல வெப்பாங்களா?"

"கெட்டுப்போயிடக் கூடாதேன்னுதான் அண்ணி."

"தோலே இல்லையே. மாவா அரைச்ச மாதிரி இருக்கு."

"சீக்கிரம் உருகட்டும்னு கைமா மெஷின்ல போட்டேன். தோல் எதுக்கு, உங்களுக்கு வேலை."

"இவ்வளவு மஞ்சளாவா இருக்கும்?"

"முத்தின கோழி" என்றான் அவன். கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். கை காய்ந்துதான் இருந்தது.

அதைத்தான் இப்போது அவள் உருக்கிக்கொண்டிருந்தாள். அதன் வாசனைக்குத்தான் மந்திரி எழுந்து வந்திருந்தது.

பேச்சு நின்றது. இறக்கினாள். வடிகட்டி, சோற்றில் ஒரு ஸ்பூன் விட்டுப் பிசைந்து வைத்தாள். பட்டினி கிடந்த நாய் பாய்ந்து விழுங்கும் என்று எதிர்பார்த்தாள். மந்திரி பாயவில்லை. கண்ணை மூடிக்கொண்டது. நாக்கை நீட்டி, தட்டை மெல்ல மெல்ல, அவசரமே இல்லாமல் நக்கியது.

கடை வாசனை, என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவர் மேல் எப்போதும் கோழி வாசனைதான். சோப்பு எத்தனை போட்டாலும் போகாது. பாவம், வாயில்லா ஜீவன். கோழி வாசனை வந்தால் எஜமான் வந்துவிட்டார் என்று நினைக்கிறது.

கோழிக்கடைக்காரன் வீட்டில் வேறு எப்படி நினைப்பார்கள்?

அன்றிரவு மந்திரி வாசலுக்குப் போகவில்லை. செருப்பு ஜோடியை ஃப்ரிட்ஜுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதன் மேல் மோவாயைச் சாய்த்துப் படுத்தது. ஃப்ரிட்ஜுக்குள் குடுவை இருந்தது.

அதன் பிறகு அதுதான் அதன் இடம். உடம்பு தேறியது. ரோமத்தில் மினுமினுப்பு வந்தது. கூட்டாளி பை கொண்டுவருவதும் வழக்கமானது. வீட்டுக்கும் உயிர் வந்த மாதிரிதான் இருந்தது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வறுவல் கேட்டாள். தாய்க்கும் இத்தனை நாளாகச் செத்துக் கிடந்த பசி திரும்பியது. ஒருநாள் அடுப்படியில் நின்றபடியே ஒரு தட்டு உருளைக்கிழங்கைத் தின்று முடித்து, விரலையும் சூப்பிவிட்டு, எதற்கென்று தெரியாமல் அழுதாள்.

"தம்பி, சூடா இருக்கு, நாலு துண்டு எடுத்துக்குங்க" என்று தட்டை நீட்டினாள்.

"வேண்டாம் அண்ணி. எண்ணெய்ப் பண்டத்தையே விட்டுட்டேன்."

முன்பெல்லாம் இளவரசியின் தட்டிலிருந்தே பிடுங்கித் தின்கிற ஆள். இப்போது வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை. கதவில் சாய்ந்து நின்று, குழந்தை கடைசித் துண்டைத் தின்று முடிக்கும்வரை பார்ப்பான். பிறகு, "வரேன்" என்று போய்விடுவான்.

பக்கத்து வீட்டுத் தையல்காரி ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று வெளிச்சத்துக்காக இவர்கள் முன்னறை ஜன்னலுக்கு வருகிறவள். வாய் சும்மா இருக்காது. "உங்க மந்திரிக்கு வந்த வாழ்வைப் பாருங்கக்கா. என் வீட்டுக்காரருக்கு இந்த மினுமினுப்பு வரணும்னா எதைப் பூசறது?" என்று சிரித்தவள், ஃப்ரிட்ஜுக்கு முன்னால் கிடந்த நாயைக் கொஞ்சநேரம் பார்த்தாள். ஊசி கையிலேயே நின்றது.

"ஏன்க்கா, நான் ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"இது ஆளுக்காகக் காத்துக்கிட்டிருக்கிற நாய் மாதிரி இல்லை. ஆளைப் பார்த்துட்ட நாய் மாதிரி இருக்கு."

அந்தப் பேச்சு அவளுக்குள் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மழை பிடித்தது. இடைவிடாத மழை. தெருவில் தண்ணீர் தேங்கி, கூட்டாளியின் வண்டி வரவில்லை. குடுவையில் அடியோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம்தான் மிச்சம். மந்திரி மறுபடி படுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போய், மார்க்கெட்டுக்கு எதிரில் இருந்த இன்னொரு கோழிக்கடையில் கேட்டாள். கடைக்காரன், "இதையெல்லாமா கேட்டு வாங்குவாங்க? அள்ளிட்டுப் போங்கம்மா" என்று ஒரு பை நிறையக் கொடுத்தான். வெளிறின மஞ்சள். பாதிக்குப் பாதி தோல். தோலில் இறகு பிடுங்கிய புள்ளிகள். இதுதான் அவர் கொண்டுவருவது. அச்சாக இதேதான்.

அவர் சொல்லிக்கொடுத்தபடியே உருக்கினாள். வீடு முழுக்கக் கோழி மணத்தது. பழைய ஞாயிற்றுக்கிழமைகளின் மணம். இப்போது எழுந்து வரும், செருப்பைக் கொண்டுவரும் என்று கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.

மந்திரி தலையைக்கூடத் தூக்கவில்லை.

மொறுமொறு தோலை எடுத்து மூக்கருகே நீட்டினாள். மோந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"என்ன மந்திரி, இதுவும் கோழிதானே. இதுவும் அதே வாசனைதானே."

மெதுவாக ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பழைய குடுவையை எடுத்து மூடியைத் திருகினாள். திருகும் சத்தத்துக்கே மந்திரி எழுந்துவிட்டது. வால் ஆடியது. ஒரு செருப்பு. இன்னொரு செருப்பு. ஜோடியாக, அவள் பாதங்களுக்கு முன்னால்.

அவள் குடுவைக்குள் குனிந்து மோந்தாள். இதுவரை அப்படி மோந்ததில்லை. கோழி வாசனை என்று நினைத்துக்கொண்டு, மோக்காமலேயே இருந்திருக்கிறாள். கெட்ட வாசனை இல்லை. அதுதான் கொடுமை. எங்கேயோ பழகிய வாசனை. மிகவும் பழகியது. வெயில் காலத்து மதியத் தூக்கம், மின்விசிறி, கழுத்து வியர்வை. அவள் இன்னும் துவைக்காமல் வைத்திருக்கும் அவருடைய தலையணை உறை.

மூடியைத் திருகி மூடினாள். ஏதேதோ நினைக்கிறேன், தூக்கம் கெட்டால் இப்படித்தான், என்று வாய்விட்டே சொன்னாள். ஆனால் அவளுடைய புத்தி தன்பாட்டுக்கு ஒரு பழைய நாளை எடுத்து நீட்டியது. கூட்டாளி முதன்முதலாக வண்டியை ஓட்டி வந்த நாள். அவன் சட்டை முழுக்கக் கடை வாசனைதானே. கோழி வாசனைதானே. மந்திரி மோந்துவிட்டு, இல்லை என்று திரும்பிப் படுத்ததே.

மழை விட்ட அன்று கூட்டாளி வந்தான். வழக்கமான கறுப்புப் பை. கொடுத்துவிட்டு நிற்காமல் போனான். அவள் அதை ஃப்ரிட்ஜில் போட்டாள். தொடவில்லை. மறுநாள் காலை மந்திரி சோற்றைத் தொடவில்லை. மதியமும் தொடவில்லை. சாயங்காலம் அவளைப் பார்த்து ஒரே ஒருமுறை முனகியது. அந்த முனகலில் மனம் இளகிப் பையை எடுத்தாள். மனுஷியா நான், என்ன கண்றாவியெல்லாம் நினைக்கிறேன், பாவம் அந்தப் பிள்ளை வேலை மெனக்கெட்டுக் கொண்டுவந்து கொடுக்கிறான், என்று தன்னையே திட்டிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

கரண்ட் போனது. வெளியே மறுபடி மேகம் கூடி, சாயங்காலமே இருட்டியிருந்தது. சமையலறையில் அடுப்பின் நீலத் தீ மட்டும். பாத்திரம் படபடவென்று பேசியது, ஜன்னல் கண்ணாடியில் ஆவி படர்ந்து சொட்டியது, சுவரில் அவளுடைய நிழல் கூரைவரைக்கும் எழும்பி மடங்கி நின்றது. மேஜையில் உட்கார்ந்து மகள் மத்தியானத்து வறுவலைக் கொறிக்கும் சத்தம் எலி கொறிக்கிற மாதிரிக் கேட்டது. மந்திரி அவள் காலோடு ஒட்டி உட்கார்ந்து, அதன் வால் தரையில் சீராக, ஆளில்லாத அறையில் யாரோ பெருக்குவது மாதிரி, அசைந்துகொண்டே இருந்தது.

"அம்மா, மெழுகுவத்தி."

"இரு. இதை வடிகட்டிட்டு வரேன்."

பேச்சு நின்றது.

இறக்கினாள். வடிகட்டியை வைத்து ஊற்றினாள். மஞ்சள் திரவம் நூலாக இறங்கியது. வடிகட்டியில் எதுவும் தங்குவதில்லை. அரைத்த கொழுப்பில் என்ன தங்கப்போகிறது?

தங்கியிருந்தது.

நகத்தளவு. கரண்டி நுனியால் நெருடினாள். கரையவில்லை. எடுத்து நீலத் தீயின் வெளிச்சத்தில் பிடித்தாள்.

வலை.

வெங்காயப் பையின் வலையாக இருக்கும். கோழித் தீவன மூட்டையின் வலையாக இருக்கும். இல்லை. இது மெல்லியது. வெள்ளை. கொசுவலையைவிடச் சின்னக் கண்கள். கத்தரித்து வைத்த மாதிரி இல்லை, கிழிந்த மாதிரி. ஓரத்தில் நீல நூல் ஒன்று முடிச்சுப் போட்டிருந்தது. சின்ன முடிச்சு. சுத்தமான முடிச்சு. தையல்காரி போடுகிற முடிச்சு இல்லை.

டாக்டர் போடுகிற முடிச்சு.

ஆயுசுக்கும் அங்கேயே இருக்கும்.

கோழிக்காரன் எனக்கு வயித்துக்குள்ள.

நாக்கில் உருளைக்கிழங்கின் ருசி வந்தது. நேற்றையது. அதற்கு முந்தினது. எல்லாம். விரலைச் சூப்பியது. அழுதது. பின்னால் எலி கொறிக்கும் சத்தம்.

"கீழ வை."

"என்னம்மா?"

"தட்டைக் கீழ வை."

"ஒரே ஒரு துண்டும்மா."

தெருமுனையில் வண்டிச் சத்தம்.

மந்திரி எழுந்தது. காதைத் தூக்கியது. செருப்பைக் கவ்வியது. ஃப்ரிட்ஜுக்கு முன்னாலிருந்து அல்ல, அவள் காலடியிலிருந்து. இருட்டில் கால்நகச் சத்தம் வாசலுக்குப் போனது. திரும்பி வந்தது. இன்னொரு செருப்பு. மறுபடி போனது.

கேட் கிறீச்சிட்டது.

"அண்ணி."

கால்கள் தாமாக நடந்தன. வலைத்துண்டு உள்ளங்கையில் இருந்தது. மூடிய கைக்குள் அது சூடாக இருந்தது. முன்னறையைக் கடந்தாள். கதவு திறந்தே கிடந்தது. வாசற்படியில் கூட்டாளி நின்றிருந்தான். பின்னால், வண்டியின் முகவிளக்கு அணையவில்லை. அந்த வெளிச்சத்தில் அவனுக்கு முகம் இல்லை. வெறும் ஒல்லியான ஓர் உருவம். அதன் கையில் ஒரு கறுப்புப் பை தொங்கியது. எப்போதும்போல் பெரிய பை இல்லை. சின்னது. கைக்கு அடக்கமாக.

அந்தப் பைக்கு நேர்கீழே மந்திரி செருப்புகளை வைத்தது. ஜோடியாக. நுனி வீட்டைப் பார்த்தபடி. பிறகு பின்னங்காலில் எழும்பி, பையின் அடியை, கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நக்கியது.

கூட்டாளி அதைத் தடுக்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான். தோள்கள் மட்டும் லேசாகக் குலுங்கின. அழுகிறானா, சிரிக்கிறானா, தெரியவில்லை.

"சித்தப்பா" என்று மகள் உள்ளிருந்து கூப்பிட்டாள். வாய் நிறைய எதையோ மென்றுகொண்டே.

ஏதாவது பேச வேண்டும். பேசாவிட்டால் தெரிந்துகொள்வான். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். கதவுக்கும் அவனுக்கும் நடுவே குழந்தை வந்துவிடாதபடி நின்றாள். அவளுடைய குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது.

"நாளைக்கும்... கொண்டுவருவீங்களா, தம்பி?"

வண்டியில் கூண்டுகள் நிறைந்திருந்தன. மேலிருந்து கீழ்வரை, அடுக்கடுக்காக, புதிதாக ஏற்றி வந்த கோழிகள். நூற்றுக்கணக்கில். வெளிச்சத்தில் கண்கள் மின்ன, கழுத்தை நீட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கொக்கரித்துக்கொண்டிருந்தன. கூட்டாளி பையை நீட்டினான். அதை அவள் கையில் வைக்கும்போது அவனுடைய குரல் எப்போதும்போல் அதிராமல், மிகவும் அன்பாக இருந்தது.

"சிக்கனமா வெச்சுக்குங்க, அண்ணி. இதோட தீர்ந்துபோச்சு."